மூவுடலும் முப்பொருளும்

சீனப் புதினம் ஒன்றைத் தமிழ்த் திணைக்கோட்பாட்டின் துணைகொண்டு கற்கப் புகுவார்க்கு முதற்கண் ஓர் ஐயம் எழும். காட்டிற்கும் வயலிற்கும் கடற்கரைக்கும் வகுத்த இலக்கணம், விண்மீன்களுக்கு இடையே நிகழும் கதைக்கு எவ்வாறு பொருந்தும் என்பதே அவ்வையம். யாமும் அவ்வையத்தோடுதான் இந்நூலைக் கையில் எடுத்தோம். கற்று முடித்தபொழுது பொருந்தும் இடமும் பொருந்தா இடமும் ஒருங்கே புலனாயின. பொருந்தா இடமே பெரிதும் பயனுடையதாய் இருந்தமையின், அதனை நோக்கியே இக்கட்டுரை செல்லும்.

நூலாசிரியர் லியூ சிசின் 1963இல் பிறந்தவர். ஷான்சி மாநிலத்து மின்நிலையம் ஒன்றில் பொறிஞராகப் பணியாற்றியவர். இப்புதினம் 2006இல் இதழொன்றில் தொடராக வெளிவந்து, 2008இல் நூலாயிற்று. கென் லியூ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2014இல் தோன்றியது. 2015இல் அறிவியற் புனைவிற்குரிய ஹியூகோ பரிசு இதற்கு வழங்கப்பெற்றது. மொழிபெயர்ப்பாக வந்த புதினம் ஒன்று அப்பரிசினைப் பெற்றது அதுவே முதன்முறை. இதனைத் தொடர்ந்து வந்த இரு நூல்களும் உள. எனினும் யாம் முதல் நூலின் அளவிலேயே நிற்கின்றோம். ஆங்கில வழியாகவே கற்றமையின், சீனச் சொல்நயம் பற்றி யாதும் கூறத் துணியோம்.

நூலின் சீனப்பெயர் ‘மூன்று உடல்’ எனப் பொருள்படும் இருசொல் தொடராகும். ஆதலின் யாம் இதனை ‘மூவுடல்’ என வழங்குவோம். முப்பொருள் என்று பெயரிட்டிருப்பின் சைவநூல் கற்றார்க்குப் பதி பசு பாசம் நினைவிற்கு வரும். தொல்காப்பியம் கற்றார்க்கு முதல், கரு, உரி என்பன நினைவிற்கு வரும். பின்னவையே எமக்கு ஈண்டு வேண்டுவன.

மூவுடற் சிக்கல் என்பது வானியலிற் பழைய வினா. இரண்டு உடல்கள் ஒன்றையொன்று ஈர்க்குமாயின் அவற்றின் இயக்கத்தை முற்றக் கணித்துவிடலாம். மூன்றாவதொன்று புகின், பொதுவாக எல்லா நிலைக்கும் பொருந்தும் எளிய வாய்பாடு இல்லை. நியூட்டனைத் துன்புறுத்திய நிலவின் இயக்கம் இவ்வகையினதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே இதனை ஆராய்ந்து, தொடக்கத்தில் உள்ள மிகச்சிறு வேறுபாடும் முடிவிற் பெருவேறுபாடாய் விளையக்கூடும் எனக் கண்டார். குமரிமுனையில் சித்திரை முழுநிலவு நாளன்று மாலையில் நிற்பார், மேல்பாற் கடலில் கதிரவன் சாய்வதையும் கீழ்பாற் கடலில் நிலவு எழுவதையும் ஒருங்கே காண்பர். இரண்டு உடல்களைக் கண்ணால் கண்டு, மூன்றாவதன்மேல் கால்வைத்து நிற்கும் காட்சி அது. நாஞ்சில் நாட்டார்க்கு மூவுடல் புதுவது அன்று.

தமிழ்க் கணியரும் இச்சிக்கலோடு பழகியவரே. வாக்கியப் பஞ்சாங்கம் கணிப்போர் நிலவின் இடத்தை அறிய 248 வாக்கியங்களை மனப்பாடமாகக் கொண்டிருந்தனர். 248 நாட்களில் நிலவின் விரைவு மிக்கும் குறைந்தும் ஏறத்தாழ ஒன்பது முழுச்சுற்றினை நிறைவு செய்யும் என்பதே அவ்வெண்ணின் அடிப்படை. 1825இல் ஜான் வாரன் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்னும் நூல், புதுச்சேரியில் தமிழ்க் கணியர் ஒருவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, ஏடு பாராமல் நினைவிலிருந்த வாக்கியங்களைக்கொண்டே நிலவு மறைப்பினைக் கணித்த செய்தியைக் குறிக்கின்றது. கதிரவன் மிகத் தொலைவில் நின்று மெல்ல ஈர்ப்பதால், நமது மூவுடல் ஓர் ஒழுங்கிற்குள் அடங்கிற்று. அவ்வொழுங்கு சொல்லாகவும் ஆயிற்று.

லியூ படைத்த உலகில் அவ்வொழுங்கு இல்லை. அங்கு மூன்று கதிரவன்கள் உள. அவற்றிடையே அலைப்புறும் ஒரு கோள், சிலகாலம் ஒரு கதிரவனைச் சுற்றி அமைதியாய் வாழும்; அது நிலைத்த ஊழி. பின்னர் என்று விடியும், என்று இருளும், அனல் எரிக்குமா, பனி உறையுமா என்று எவரும் அறியார். அது குலைந்த ஊழி. குலைந்த ஊழி வருங்கால் அக்கோளின் மக்கள் தம் உடல்நீரை நீக்கி, உலர்ந்த தோல்போற் சுருண்டு கிடப்பர். நிலைத்த ஊழி வருங்கால் நீரில் இட்டு உயிர்ப்பிக்கப் பெறுவர். இவ்வுலகு கணினி விளையாட்டு ஒன்றின் வாயிலாக நமக்கு முதலிற் காட்டப்பெறுகின்றது. அவ்விளையாட்டில் சீனப் பேரரசன் மூன்று கோடி வீரர்களை அணிவகுத்து, கொடி உயர்த்தியும் தாழ்த்தியும் கணக்கிடச் செய்கின்றான். புதுச்சேரிக் கணியரின் சோழிகள் எம் நினைவிற்கு வந்தன. மூன்று கோடி சோழிகளும் அங்குத் தோற்றன.

வானியல் வல்லார் ஒரு தடை எழுப்பக்கூடும். கதைக்குக் களமாகிய ஆல்பா சென்டாரி அண்மை விண்மீன் தொகுதி. அதன் இரு பெருமீன்கள் ஏறத்தாழ 80 ஆண்டிற்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுவன. மூன்றாவது மிகத் தொலைவில் நிற்பது. ஆதலின் அங்குக் குழப்பம் இல்லை என்பர். உண்மையே. ஆயினும் அகப்பாட்டிற்கு உலகியல் வழக்கோடு நாடக வழக்கும் வேண்டும் என உடன்பட்ட மரபினர் நாம். இதனைக் குற்றமாகக் கொள்ளவேண்டுவதில்லை.

இனித் திணைக்கு வருவோம். நிலமும் பொழுதும் முதற்பொருள். பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு என வகுத்த முன்னோர், அவை மாறாது மீண்டும் மீண்டும் வரும் என்னும் உறுதியின்மேல் நின்றே வகுத்தனர். நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு நெற்போகங்களும் அவ்வுறுதியின்மேல் நிற்பன. இரு பருவமழைகளும் பெறும் நிலம் இது. அம்மழை பிழைப்பினும் வயல் பிழையாதிருத்தற் பொருட்டே பேச்சிப்பாறை அணை 1906இல் அமைந்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் எழுந்தபொழுது, முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தாரை எச்சரிக்கை எட்டவில்லை. பலர் கரை திரும்பவில்லை. அந்நாட்களில் இக்கடற்கரைச் சிற்றூர்கள் குலைந்த ஊழியின் ஒரு துளியைக் கண்டன எனலாம். ஆயின் அடுத்த ஆண்டும் பருவம் தன் முறையில் வந்தது. லியூவின் உலகில் அம்மீட்சி இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தவழிப் பாலை தோன்றும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். மழை பெய்யின் அப்பாலை மீண்டும் முல்லையாகும். மூவுடல் உலகமோ மீட்சிக்கு உறுதியில்லாப் பாலை.

முதற்பொருள் குலையின் கருப்பொருள் என்னாகும்? அவ்வுலகத்து மாந்தரின் உருவத்தை ஆசிரியர் இந்நூலில் யாண்டும் வருணிக்கவில்லை. விளையாட்டில் வருவோர் அனைவரும் சீன அரசரும் மேலைநாட்டு அறிஞருமாகிய புவிமாந்தரின் வேடம் பூண்டவர். மரம் இல்லை, புள் இல்லை, யாழ் இல்லை. இதனைப் புனைவின் வறுமை என்று கூறுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. பொழுது நிலையாத இடத்தில் கருப்பொருள் வேர்கொள்ளாது என்பதனை அவ்வெறுமையே காட்டுகின்றது. உரிப்பொருளும் அவ்வாறே. கலையும் காதலும் அற்ற இவ்வாழ்வால் யாது பயன் எனத் தன் தலைவனை வினவும் ஒருவன் அவ்வுலகில் உளன். உயிர்தரித்தல் ஒன்றன்பொருட்டே அவையெல்லாம் துறக்கப்பட்டன என்னும் கருத்துப்பட அத்தலைவன் விடை பகர்கின்றான். தொல்காப்பியர் முதலிற்குத் தந்த தலைமையைச் சீன ஆசிரியர் தம்மையறியாமலே உறுதிசெய்தார் என்று இவ்விடத்தில் யாம் மகிழ்ந்ததுண்டு.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கதையின் நடுநாடியாகிய நிகழ்ச்சியை நோக்குக. யே வென்ஜியே என்னும் வானியற்பியலாளர், பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில், 1967இல், பேராசிரியராகிய தம் தந்தையை இளம் மாணவியர் பொதுமேடையில் அடித்துக் கொன்றதை நேரிற் கண்டவர். தாயே கணவருக்கு எதிராகச் சான்றுரைத்தார். பின்னர்க் காடு அழிக்கும் பணியில் இடப்பட்டு, அங்கும் நம்பியவனால் காட்டிக்கொடுக்கப்பட்டு, இறுதியில் மலையுச்சியில் உள்ள ‘செங்கரை’ என்னும் மறைவான வானொலி நிலையத்தை அடைகின்றார். அங்கிருந்து, கதிரவனையே ஒலிபெருக்கியாகக்கொண்டு, விண்ணிற்கு ஒரு செய்தி விடுக்கின்றார். எட்டாண்டுகள் கழித்து மறுமொழி வருகின்றது. அதனை விடுத்தவன் மூவுடல் உலகில் 1379ஆம் எண்ணுடைய கேட்பு நிலையத்தின் எளிய பணியாளன். தலைவனை வினவியவனும் அவனே. நீவிர் விடை தரின் நும் இடம் எம்மவர்க்குப் புலனாகும், நும் உலகம் பறிபோகும், ஆதலின் வாய் திறவற்க என்பதே அவன் அறிவுறுத்தியது. யே வென்ஜியே அதனைக் கற்றபின்னரும், வருக என விடை விடுக்கின்றார்.

ஈண்டுத் திணைநெறி தலைகீழாகின்றது. பொழுது பிழையா நிலத்தில் பிறந்தவர் தம் இனத்தையே கையளிக்கின்றார். பொழுதே இல்லாப் பாலையில் பிறந்தவன் அயலாரின்மேல் அருள்கொள்கின்றான். முதற்பொருளே உரிப்பொருளை விளைக்கும் எனின், இருவரும் இடம் மாறி நிற்றல் வேண்டும்.

இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்க அயலார் சந்திப்பு ஒன்று மணிமேகலையில் உளது. ஆதிரையின் கணவன் சாதுவன் கலம் உடைந்து, மரத்துண்டொன்றைப் பற்றி நாகர் மலையை அடைகின்றான். அவனை உணவாக்க வந்த நாகர், அவன் தம் மொழியிற் பேசக் கேட்டுக் கொல்லாது விடுத்துத் தலைவனிடம் கொண்டு செல்கின்றனர். கள்ளும் ஊனும் பெண்ணும் தர முற்பட்ட தலைவனுக்குச் சாதுவன் உயிரின் நிலையையும் வினைப்பயனையும் உரைக்கின்றான். கரைசேர்வாரைக் கொல்லேல் என்பது அவன் இட்ட முதற்கட்டளை. ஊனை முற்றும் விடுக என அவன் வற்புறுத்தவில்லை. மூத்துத் தானே இறக்கும் விலங்கின் ஊனை விலக்காது விட்டான். அந்நிலத்தார்க்கு இயலும் அறம் எதுவோ அதனையே வகுத்தான். சாத்தனார் காட்டும் சந்திப்பில் மொழி உயிர்காக்கின்றது. லியூ காட்டும் சந்திப்பிலோ மொழி இடங்காட்டியாகின்றது; பேசுதலே ஊறு. ஆயினும் இரு கதைகளுக்கும் பொதுவான ஓர் ஆள் உளன். எளிய நிலையினன், தன் தலைவரின் ஏவலின்றித் தானே பேசுபவன், அயலாரின் உயிர்மேல் இரக்கமுடையவன். சாதுவனின் இடத்தில் நிற்பவன் கேட்பு நிலையத்துப் பணியாளனே. தன் உலகில் அறத்திற்கு இடமில்லை என்று அறிந்தும் அறம் உரைத்தமையின், அவன் செயல் சாதுவன் செயலினும் அரிது என்பது எம் கருத்து.

எனின் யே வென்ஜியே யார்? நாகர் தலைவனா? அன்று. அவனுக்கு அறியாமை இருந்தது. இவர்க்கு அது இல்லை. பொழுதென்பது ஞாயிறும் மழையும் மட்டுமே அன்று என யாம் இந்நூலால் உணர்ந்தோம். மாணவர் ஆசிரியரை வழிபடுதலும், மனைவி கணவர்க்குத் துணைநிற்றலும், நண்பன் கைவிடாமையும் மக்கள் வாழ்வின் பெரும்பொழுதுகள். மாறாது வரும் என நம்பி அவற்றின்மேல் வாழ்கின்றோம். 1966 முதல் 1976 வரையிலான பத்தாண்டில் அவர்க்கு அவையனைத்தும் குலைந்தன. வயல் விளைந்துகொண்டிருந்த நிலத்திலேயே அவர் பாலையில் வாழ்ந்தார். இவ்வாறு கொள்ளின் திணைநெறி பிழையாது. முதற்பொருளின் எல்லைதான் விரிகின்றது. பணியாளனின் அருளுக்கு மட்டும் இவ்விளக்கமும் போதாது. அதனை விளக்காமல் விடுதலே நேர்மை.

நூலின் வைப்புமுறை பற்றியும் ஒன்று கூறல்வேண்டும். 2008ஆம் ஆண்டுச் சீனப்பதிப்பில் தந்தையின் கொலைக்காட்சி இடையில் வைக்கப்பெற்றது; அரசியல் நோக்கில் இடர் நேருமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம் என்பர். ஆங்கிலப் பதிப்பில் அது ஆசிரியரின் உடன்பாட்டோடு தொடக்கத்திற்கு வந்தது. ஏட்டுப் பிரதிகளின் பாடவேறுபாட்டில் உழல்வார்க்கு இது சிறுசெய்தி. ஆயினும் இடையில் வைப்பின் நூல் துப்பறியும் கதையாகும். தொடக்கத்தில் வைப்பின் துன்பியலாகும். பின்னதே ஏற்றது.

குறைகளும் உள. கதையை நடத்திச் செல்லும் வாங் மியாவ் என்னும் ஆய்வாளர் கண்டதைச் சொல்லும் வாயிலேயன்றி ஆளாக வளரவில்லை. மனைவியும் மகவும் அவர் மனத்தில் இடம்பெறும் அளவு மிகச் சிறிது. அணுத்துகளை விரித்துக் கணிப்பொறியாக்கும் இறுதிப்பகுதி வகுப்பறைச் சொற்பொழிவு போல் நீள்கின்றது. காவலர் ஷி சியாங் ஒருவரே மண்வாசம் உடையவர். அயலார் புவிமாந்தரைப் பூச்சி என இகழ்ந்தபொழுது மனம் உடைந்த அறிஞர்களை அவர் தம் ஊர்ப்பக்கத்து வயலுக்கு அழைத்துச் சென்று வெட்டுக்கிளிக் கூட்டத்தைக் காட்டுகின்றார். எத்துணை மருந்து தெளித்தும் பூச்சியை எவரும் வென்றதில்லை என்பது அவர் கூற்றின் சாரம். புகையான் தாக்கிய நெல்வயலைக் கண்ட நாஞ்சில் உழவர் எவரும் இதற்கு உரை கேளார்.

யே வென்ஜியே மகப்பேற்றில் உயிர்க்கு இடருற்றபொழுது மலையடிச் சிற்றூரார் குருதி தந்து காத்த பகுதியும் அத்தகையது. அவ்வூரில் மக்கள் அவர் குழந்தைக்குப் பாலூட்டினர். அவர் அவர்தம் சிறார்க்குப் பாடம் சொன்னார். நூல் முழுவதிலும் அகம் எனத்தக்கது இதுவொன்றே. ஆயின் இது வருவது அவர் விண்ணிற்கு விடை விடுத்தபின்னர். சில பக்கங்கள் முந்தி வந்திருப்பின் கதையே இல்லை.

முடிவில் முதுமையுற்ற யே வென்ஜியே பாழ்பட்ட அம்மலையுச்சிக்கு மீண்டும் ஏறி, கதிரவன் சாய்வதைப் பார்த்து நிற்கின்றார். இடம் குறிஞ்சி. பொழுதோ எற்பாடு, நெய்தற்குரியது. இரங்கலும் அதற்கே உரியது. இத்திணைமயக்கத்தை ஆசிரியர் அறிந்து செய்திருக்க வழியில்லை.