அழுத பிள்ளைக்கு மட்டும் பால்: அமெரிக்கத் தன்னார்வத் தீயணைப்பும் மத்திய அரசு மானியமும்

தீயணைப்பு என்றாலே நமக்கு அரசு வேலை, காக்கி உடை, 101. அமெரிக்காவின் சின்ன ஊர்களில் கதை வேறு. அங்கே மொத்தம் ஏறக்குறைய 29,000 தீயணைப்புப் படைகள் இருக்கின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்ட முழுக்க முழுக்கத் தன்னார்வலர்களை வைத்தே ஓடுபவை. பகலில் பண்ணை வேலை, மெக்கானிக் ஷெட், பள்ளிக்கூடம் என்று இருப்பார்கள். பேஜர் அடித்தால் போட்டது போட்டபடி ஓடுவார்கள். 1736ல் பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் யூனியன் தீயணைப்புக் கம்பெனியைத் தொடங்கிய காலத்து வழக்கம் இது. உள்ளூர் வரியில் கொஞ்சம் பணம் வரும். மிச்சத்துக்குப் பான்கேக் விருந்து, மீன் வறுவல் விருந்து, பிங்கோ என்று நடத்தி வசூல் செய்வார்கள்.

இவர்களுக்கு வாஷிங்டனிலிருந்து வரும் பணத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. முக்கியமான திட்டங்கள் இரண்டு. ஒன்று, 'தீயணைப்பாளர் உதவி மானியம்' (சுருக்கமாக ஏ.எஃப்.ஜி.). 2000ல் சட்டமாகி 2001ல் 10 கோடி டாலரோடு ஆரம்பித்தது. உடை, கருவி, வண்டி, பயிற்சி இதற்கெல்லாம் தரும். இன்னொன்று 'சேஃபர்'. 2003ல் சட்டமானது, ஆட்களைச் சேர்ப்பதற்கானது. இரண்டையும் நடத்துவது ஃபீமா. 2023 நிதியாண்டில் ஆளுக்கு 36 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அடுத்த ஆண்டே அது 32.4 கோடியாகக் குறைந்தது. 2024 செப்டம்பரோடு முடிய வேண்டிய திட்டங்களை, அந்த ஜூலையில்தான் 2028 வரை நீட்டித்தார்கள். அதாவது, இது வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை சீக்கிரமே திரும்ப வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானியம் வேண்டும். ஆனால் இன்றைய வடிவத்தில் அது இல்லாதவனைத் தேடிப் போகவில்லை, எழுதத் தெரிந்தவனைத் தேடிப் போகிறது.

தேர்வு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதலில் விண்ணப்பத்தில் உள்ள கேள்வி பதில்களை வைத்துக் கம்ப்யூட்டர் ஒரு மதிப்பெண் போடும். அதில் மேலே வந்தவை மட்டும் சக தீயணைப்பாளர்கள் அடங்கிய குழுவுக்குப் போகும். அவர்கள் படிப்பது விண்ணப்பதாரர் எழுதிய விளக்கத்தை: பண நெருக்கடி, என்ன வாங்கப் போகிறீர்கள், செலவுக்குத் தக்க பலன் உண்டா, அன்றாட வேலையில் என்ன மாற்றம் வரும். அரசியல்வாதியின் சிபாரிசை விட இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாஃப்ட்வேர்காரன் கண்ணோடு பார்த்தால் ஒரு சிக்கல் தெரிகிறது. இந்த முறைக்குத் தெரிவதெல்லாம் விண்ணப்பம் போட்டவர்கள் மட்டுமே. போடாதவன் எந்த அட்டவணையிலும் இல்லை. மொத்தம் பதினைந்து பேர், அதில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், கணக்கெழுதத் தனியாக ஆள் கிடையாது என்ற நிலையில் உள்ள படை, சில வாரங்களே திறந்திருக்கும் ஜன்னலுக்குள் மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்து, அடையாள எண் வாங்கி, நெருக்கடியை நல்ல நடையில் நிரூபிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றால், நல்ல நடைக்கு என்ன விலை என்று புரிந்துகொள்ளலாம்.

பங்கீட்டிலும் ஒரு கேள்வி உண்டு. சம்பளப் படை, தன்னார்வப் படை, இரண்டும் கலந்த படை ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 25 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு இருப்பவர்களுக்குக் கால் பங்குதானா என்று தன்னார்வலர்கள் பக்கம் கேட்கலாம். இதில் அவசரப்பட வேண்டாம். முழுதாகவோ பெரும்பகுதியோ தன்னார்வலர்கள் நடத்தும் படைகளைக் கூட்டினாலும், அவை காப்பது மக்கள்தொகையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத்தான். தலைக்கணக்கில் பார்த்தால் பங்கீடு அநியாயம் இல்லை. ஆனால் ஒரு பம்பு வண்டியின் விலை, ஊரில் 800 பேர் இருந்தாலும் 80,000 பேர் இருந்தாலும் பெரிதாக மாறாது. இந்த இடத்தில் தலைக்கணக்கு உதவாது. ஊரின் பங்கு 20,000 பேர் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 10, பத்து லட்சத்தைத் தாண்டினால் 15 என்று வைத்திருப்பது சட்டத்தில் உள்ள நல்ல அம்சம். சின்ன ஊரின் கஷ்டத்தை அது ஓரளவு ஒத்துக்கொள்கிறது.

அடுத்த குறை எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இந்தப் பணம் பொருள் வாங்க வசதியாக இருக்கிறது, ஆனால் பஞ்சம் ஆளுக்கு. என்.எஃப்.பி.ஏ. கணக்குப்படி 1984ல் சுமார் 8.98 லட்சம் தன்னார்வத் தீயணைப்பாளர்கள் இருந்தார்கள். 2020ல் 6.77 லட்சம். இதே காலத்தில் அழைப்புகள் சுமார் மூன்று மடங்கு ஆகிவிட்டன, அவற்றில் பெரும்பாலானவை மருத்துவ உதவி கேட்டு வருபவை. சேஃபர் சட்டம் தன்னார்வலர்களைச் சேர்க்கவும் தக்கவைக்கவும் ஒதுக்கச் சொல்லும் குறைந்தபட்சம் 10 சதவீதம். புது உடை பத்து செட் வந்து இறங்கி, மாட்டிக்கொண்டு ஓட ஆறு பேர்தான் என்றால், யானை வாங்கியவனுக்குப் பாகன் கிடைக்காத கதைதான்.

சரி, வாங்கிய பொருளாவது நிலைக்குமா? தீயணைப்பு உடைக்கு அதிகபட்ச ஆயுள் 10 வருடம். மூச்சுக்கருவியின் கார்பன் ஃபைபர் சிலிண்டருக்குப் பொதுவாக 15 வருடம். மானியத்தில் எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் வாங்கினால், எல்லாம் ஒரே வருடத்தில் காலாவதியாகும். அந்த வருடம் மறுபடியும் மானியம் கிடைக்கும் என்று எவனும் எழுதிக் கொடுக்கவில்லை. நம் ஆபீஸ்களில் எல்லா சர்வரையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் எல்லாம் பழசாகி விழிபிதுங்கும் அதே கதை. வருடத்துக்கு இரண்டு செட் மாற்ற வழி செய்யும் சின்னத் தொகை, பத்து வருடத்துக்கு ஒருமுறை விழும் பெரிய பரிசை விட உபயோகமானது. பான்கேக் விருந்தை நம்பி இருக்கும் படைக்கு வேண்டியது நிச்சயம், லாட்டரி இல்லை.

இதை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் பார்க்க வேண்டும். 2009ல் ஹெரிடேஜ் பவுண்டேஷன் ஓர் ஆய்வு வெளியிட்டது. மானியம் வாங்கிய படைகளையும் வாங்காதவற்றையும் ஒப்பிட்டு, தீயில் சாவும் காயமும் குறைந்ததாகத் தெரியவில்லை என்றது. கேள்வி நியாயமானது. ஆனால் அளவுகோல் சின்ன ஊருக்குப் பொருந்தாது. பல வருடங்களுக்கு ஒருமுறை சாவு நடக்கும் ஊரில், மானியத்துக்கு முன்னும் பூஜ்யம், பின்னும் பூஜ்யம். அதிலிருந்து 'பலன் இல்லை' என்று படிப்பது தப்பு. 'இந்தக் கோலால் அளக்க முடியவில்லை' என்று படிப்பதுதான் சரி. தேசிய அளவில் தீ விபத்துகளைப் பதிவு செய்ய நெடுங்காலம் இருந்த என்.எஃப்.ஐ.ஆர்.எஸ். அமைப்பிலும் பங்கெடுப்பது மத்தியச் சட்டப்படி கட்டாயம் இல்லை. ஆள் குறைந்த படைதான் ரிப்போர்ட் எழுதுவதிலும் பின்தங்கும். விண்ணப்பத்தில் காணாமல் போகிறவனே புள்ளிவிவரத்திலும் காணாமல் போகிறான்.

அதற்காக மானியத்தை ஆதரிப்பவர்கள் 'இத்தனை சிலிண்டர், இத்தனை வண்டி' என்று பட்டியல் காட்டுவதையும் ஏற்க முடியாது. 2013 ஏப்ரல் 17 அன்று டெக்ஸாஸில் வெஸ்ட் என்ற சின்ன ஊரில் உரக் கிடங்கு தீப்பிடித்தது. உள்ளூர்த் தன்னார்வலர்கள் அணைக்கப் போனார்கள். அமோனியம் நைட்ரேட் வெடித்தது. 15 பேர் செத்தார்கள், அதில் 12 பேர் அவசர உதவிக்குப் போனவர்கள். வேதிப்பொருள் விபத்துகளை விசாரிக்கும் மத்திய வாரியம் 2016ல் தந்த இறுதி அறிக்கை, அந்த உரம் எப்படி வெடிக்கும் என்ற பயிற்சி அவர்களுக்குப் போதவில்லை என்பதைக் காட்டியது. எவ்வளவு நல்ல உடை போட்டிருந்தாலும் அந்த வெடிப்புக்கு முன்னால் நிற்க முடியாது. எப்போது அணைக்காமல் பின்வாங்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் பிழைக்கலாம். அது சாமான் பட்டியலில் வராது.

2028க்குள் மூன்று விஷயங்களைச் செய்யலாம். சின்னப் படைகளுக்கு இரண்டே பக்க விண்ணப்பம், நெருக்கடியை அவர்கள் எழுத வேண்டாம், ஊரின் வரி வருமானத்தையும் கருவிகளின் வயதையும் வைத்து ஃபீமாவே கணக்கிடட்டும். உடை, சிலிண்டர் மாற்றத்தைப் பல வருடத் தவணையாகத் தரட்டும். சேஃபரின் அந்த 10 சதவீதத்தை உயர்த்தட்டும். மூன்றாவதுக்குச் சம்பளப் படைகளின் சங்கம் ஒத்துக்கொள்வது கஷ்டம். முதல் இரண்டுக்கு ஒரு டாலர் கூட அதிகம் ஒதுக்க வேண்டியதில்லை, அதனால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.