கோதை கேட்ட பறையும், கோயிலுக்கு வெளியே நின்ற பறையும்

திருவில்லிபுத்தூர் வட்டாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலைத்தொடரின் அடியில் இருக்கிறது கூமாப்பட்டி. ஒரு புறம் மலை. மறு புறம் நெல்லும் தென்னையும். அருகே பிளவக்கல் அணை. 2025-இல் அவ்வூர் இளைஞர் ஒருவர் கைபேசியில் பேசிய பேச்சு, ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. அப்படியோர் ஊர் உண்டென்றே அதுவரை அறியாதவர்கள் வண்டி பிடித்து ஓடி வந்தனர். கண்ணெதிரே கிடந்தும் காணாதிருந்த ஒன்றின்மீது திடீரெனக் காதல் பிறக்கும் விந்தை, ஊர்களுக்கு மட்டும் உரியதன்று. இசைக்கும் அது நேர்ந்திருக்கிறது. நேற்றுவரை காதைப் பொத்திக்கொண்டவர்கள் இன்று முன் வரிசையில் அமர்ந்து கைதட்டுகிறார்களே, அந்தப் பறையைப் பற்றித்தான் இங்கே பேசப் புகுகிறோம்.

மலையும் வயலும் கூடும் கூமாப்பட்டி போன்ற ஊருக்குப் பறை புதிதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று பின்வந்த இலக்கண நூலார் பெயரும் சொல்லிவைத்தனர். அதாவது, பறை இல்லாத நிலம் தமிழ் நிலமாகவே எண்ணப்படவில்லை. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் நாவில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. சொல்லும் கருவியாக இருந்ததைத் தீண்டத்தகாத கருவியாக ஆக்கியவர் யார்? தோலா? குச்சியா? அல்ல, தோழர்களே, சாதி!

இந்த வட்டாரத்திலேயே அதற்குச் சான்று இருக்கிறது. திருவில்லிபுத்தூர்க் கோதை பாடிய திருப்பாவை முப்பது பாட்டு. முதற்பாட்டிலேயே பறை வந்துவிடுகிறது. பிறகு திரும்பத் திரும்ப வருகிறது. சங்குகளோடு சேர்த்துப் பெரிய பறை வேண்டுமென்று ஓரிடத்தில் வெளிப்படையாகவே கேட்கிறாள். உரை செய்த வைணவப் பெரியார்கள் என்ன செய்தனர்? பறை என்பது நோன்புக்கு வேண்டிய வாத்தியம் என்று மேற்பொருள் சொன்னார்கள். இறைவனுக்குச் செய்யும் தொண்டே பறையின் உட்பொருள் என்றார்கள். சொல்லட்டும், உரைகாரருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உட்பொருளைக் கருவறைவரை அழைத்துச் சென்ற ஊர், மெய்ப்பொருளான அந்தத் தோற்கருவியையும் அதை முழக்கிய மனிதரையும் மதிலுக்கு வெளியே நிறுத்திற்றே, அதற்கு எந்த உரை எழுதுவது? அரியக்குடி இராமானுச ஐயங்கார் முப்பது பாட்டுக்கும் இராகம் அமைத்தார். மார்கழிதோறும் மேடைகளில் 'பறை' என்ற சொல் சுருதி சேர்ந்து ஒலிக்கிறது. சொல் இனித்தது, பொருள் கசந்தது!

பறையின் ஓசை முரட்டு ஓசை, செவிக்கு இதமற்றது, ஆகவே வெறுத்தோம் என்பார் உளர். இதை ஆராய்ந்து பார்ப்போம். வேம்பு போன்ற மரத்தால் வட்டமாக வளைத்த சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையிட்டு இழுத்து ஒட்டிய தோல். இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கிற்குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. அடிப்பதற்கு முன் வைக்கோலோ சருகோ கொளுத்தித் தோலைக் காய்ச்சுவர். சூடேறத் தோல் இறுகும், ஓசை உயரும். சுருதி சேர்க்க இவர்கள் கையாளும் கருவி நெருப்பு. மெல்லிய குச்சி இடைவெளிகளை நிரப்ப, தடித்த குச்சி எண்ணிக்கையைத் தாங்க, இரண்டும் சேர்ந்து நெய்யும் தாளக் கணக்கு எந்தக் கச்சேரி மேடைக் கணக்குக்கும் இளைத்ததன்று. தோல்தான் தீட்டு என்பாரேல், மிருதங்கத்தின் தோல் எங்கிருந்து வந்தது? மாட்டுத் தோலும் எருமைத் தோலும் ஆட்டுத் தோலும் இல்லாமல் மிருதங்கம் ஏது? அதைச் செய்யும் கைவினைஞர் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய நூல் 2020-இல் வெளிவந்தபோது, வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்கைக் கலாட்சேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலைத் தொட்டு வாசிக்கலாம். தோலைப் பற்றிப் பேசலாகாது! ஆக, வெறுத்தது செவியன்று. செவி பாவம், அது கேட்பதைக் கேட்கும். முகம் சுளிக்கச் சொல்லிக் கொடுத்தது மனம்.

மனத்தை மாற்றினால் செவி மாறும் என்பதற்குத் தமிழிசைக் கிளர்ச்சியே நல்ல எடுத்துக்காட்டு. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பாட்டுக்கு முதன்மை வேண்டுமென்று தீர்மானம் எழுந்தபோது, சென்னை வித்வத் சபையினர் சீறினர். இசைக்கு மொழியில்லை என்று, தெலுங்குக் கீர்த்தனையைப் பிடித்துக்கொண்டே உபதேசம் செய்தனர். 1943-இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மேடையேறினர். துக்கடா என்று கடைசியில் தள்ளப்பட்ட தமிழ்ப் பாட்டைக் கேட்கச் செவிகள் பழகின. பெரிய வெற்றி, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மேடையில் மொழி மாறிற்று, மேடை மாறவில்லை. பண் ஆராய்ந்தார்கள், யாழ் ஆராய்ந்தார்கள். ஐந்திணைக்கும் உரிய பறை அந்த மண்டபத்தின் வாசலில்தான் நின்றது. நாதசுர இசைவாணர் சிவக்கொழுந்து தோளில் துண்டணிந்து வாசிக்கக் கூடாதென்றவர்களைப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எதிர்த்து நின்ற வரலாறு நம் தோழர்களுக்கு மனப்பாடம். அந்தத் துண்டு பறைக்காரர் தோளுக்கு வரப் பின்னும் பல்லாண்டு பிடித்தது.

வந்தது எப்படி? மேலிருந்து எவரும் இரங்கி அழைத்து வரவில்லை. கே.ஏ. குணசேகரன் கிராமத்துப் பாட்டைத் தம் குரலிலேயே பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனார். மதுரையில் இறையியல் கல்லூரி ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு, மேல்நாட்டு மெட்டும் கருநாடக மெட்டும் ஆண்டுகொண்டிருந்த வழிபாட்டில் நாட்டார் இசையைப் புகுத்தினார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்களே பறையைக் கையில் எடுத்தனர்; ஆண்கள் மட்டுமே தொட்ட கருவி அது என்ற கட்டும் அங்கே அறுந்தது. 2007-இல் சென்னை சங்கமம் தலைநகரின் பூங்காக்களிலும் தெருக்களிலும் பறையை முழங்க வைத்தது. 2018 சனவரியில், இயக்குநர் பா. இரஞ்சித் முன்னின்று அமைத்த காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் பறையையும் மேல்நாட்டுக் கருவிகளையும் ஒரே மேடையில் நிறுத்திற்று. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இன்று பொறியாளர்களும் மாணவியரும் பறை கற்கின்றனர். கடல் கடந்த தமிழர் விழாவிலும் அது முழங்குகிறது.

மகிழ்கிறோம். ஆனால் கைதட்டி முடித்தவுடன் எழுந்து போய்விட நம்மால் ஆகவில்லை. அமெரிக்காவில் ஜாஸ் இசையைத் தரங்கெட்ட இசை என்று தூற்றியவர்களே பிறகு அதற்கு மயங்கினர். 1920-களில் நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் ஆடியவர், பாடியவர், வாசித்தவர் எல்லாரும் கறுப்பர். நாற்காலியில் அமர்ந்து கேட்டவரோ வெள்ளையர். இசையைக் காதலிப்பது எளிது. இசைத்தவனுக்கு நாற்காலி போடுவது கடினம்! இங்கும் பறையை 'ஆதித் தமிழனின் வீர இசை' என்று போற்றும் சிலர், அதை இத்தனை நூற்றாண்டு காத்தவர் எந்தச் சேரியில் இருந்தார் என்ற பேச்சை எடுத்தால் மட்டும் நெளிகிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பறையை அடிக்கவே மாட்டோம் என்று குச்சியை வீசியெறிந்தவர்களும் ஒடுக்கப்பட்டவர்களே. தென்னார்க்காட்டில் இளையபெருமாள் போன்றோர் அந்த மறுப்பை இயக்கமாகவே நடத்தினர். ஊரில் எவர் இறந்தாலும் ஏவியவுடன் வந்து நிற்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிலையில், அடி இசையாக இராது, ஊழியமாக இருக்கும். ஆகையால், இசையார்வம் மிகுந்த நகரத்துத் தோழர் ஒருவர், பறையை வெறுக்கும் ஒரு முதியவரைக் கண்டு 'இவருக்குத் தம் கலையின் அருமை தெரியவில்லையே' என்று வருந்துவாரானால், அந்த வருத்தம் அறியாமை. மறுக்கும் உரிமை இருக்கும் இடத்தில்தான் முழக்குவது கலையாகிறது. வீசியெறிந்த தந்தையும் விரும்பியெடுத்த மகளும் ஒரே போராட்டத்தின் இரு கைகள்.

கலை நோக்கிலும் நமக்கொரு குறை உண்டு. மேடையேறிய பறை பெரும்பாலும் ஒரே விரைவில் பாய்கிறது. குதிக்கிறது, சுழல்கிறது, பார்ப்பவர் ஆர்ப்பரிக்கின்றனர். விழாவுக்கு ஓர் அடி, அறிவிப்புக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று வகை வகையாக வளர்ந்த செல்வத்தில், விழா அடியை மட்டும் பொறுக்கியெடுத்து வந்திருக்கிறோம். சாவடியைக் கீழே விட்டுவிட்டோம். ஏன்? அமங்கலமாம்! பகுத்தறிவு பேசும் மேடைகளிலுமா இந்த அச்சம்? பீத்தோவன் தம் மூன்றாம் சிம்பொனியில் ஒரு பகுதியையே சாவு ஊர்வல இசையாக எழுதினார். சோப்பினின் சாவு ஊர்வல இசையை உலகமே உட்கார்ந்து கேட்கிறது. எவரும் எழுந்து போய்த் தலை முழுகுவதில்லை. மெல்லத் தொடங்கி, துயரத்தைத் தாங்கி, ஊரையே நடக்க வைக்கும் நம் அடியைக் கேட்க மட்டும் நமக்குத் துணிவில்லையா?

மலையடிவாரத்து ஊர்களின் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு யோசனை சொல்கிறோம். திருவில்லிபுத்தூரில் முப்பது பாட்டும் ஒலிக்கும் அடுத்த மார்கழியில், கூமாப்பட்டி வட்டாரத்துப் பறைக் கலைஞர்களை அழைத்து, ஒரு மாலை முழுவதும் கேளுங்கள். ஊதியத்தை முன்னதாகவே பேசிக் கையில் கொடுங்கள். சாவடியையும் வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால், அந்த மறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு, அழைப்பிதழ்: மிருதங்கம் வாசிப்பவர் பெயரை முகவரியோடு அச்சிடும் நாம், பறைக்கு வந்தவுடன் 'குழுவினர்' என்று முடித்துவிடுகிறோம். எத்தனை பேர் வருகிறார்களோ அத்தனை பேரின் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.