பதில் எழுதாத ஆசிரியர்கள்

தமிழில் புனைவுக்கென்று இணைய இதழ் தொடங்குவது இன்று பரவலாகிவிட்டது. நாலைந்து நண்பர்கள் கூடி ஒரு பெயர் வைக்கிறார்கள். முதல் இதழ் வருவதற்கு முன்பே படைப்பாளர்களுக்கான விதிமுறைகள் தயாராகிவிடுகின்றன. யூனிகோடில் அனுப்ப வேண்டும், வேறெங்கும் வெளிவந்திருக்கக் கூடாது, முகநூலில் போட்ட கதையும் கூடாது, இத்தனை சொல்லுக்கு மேல் போகக் கூடாது. எல்லாம் நியாயமானவைதான். கடைசியில் ஒரு வரி வருகிறது: தேர்வாகாத படைப்புகள் குறித்துக் கடிதப் போக்குவரத்து இயலாது; இத்தனை வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தேர்வாகவில்லை என்று கொள்ளவும்.

பல இதழ்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கும் வரி இது. கேட்டால் ஒரே பதில்தான் கிடைக்கும்: சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து, இரவில் உட்கார்ந்து செய்கிறோம்; ஒவ்வொருவருக்கும் விளக்கம் எழுத நேரமில்லை. இந்தப் பதில் பொறுப்பானதாக ஒலிப்பதால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இது தவறு என்று நான் நெடுநாளாக நினைக்கிறேன்.

இந்த இதழ்கள் செய்திருப்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1999இல் திண்ணை, 2000இல் கனடாவிலிருந்து பதிவுகள், 2009இல் சொல்வனம், மலேசியாவிலிருந்து வல்லினம் என்று லாபக் கணக்கு பார்க்காமல் ஒரு பெரிய வாசிப்புக் களத்தையே உருவாக்கினார்கள். அறிவியல் புனைவுக்குப் போட்டி வைத்து அரூ இதழ் புதியவர்களை எழுத வைத்தது. தேர்வு வேண்டும் என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆசிரியரே இல்லாமல் எல்லாவற்றையும் ஏற்றும் தளங்களில் கதைகள் குவிகின்றன, எழுதுகிறவருக்குக் கிடைப்பது நட்சத்திரக் குறிகள்தான். படைப்புகள் வந்து குவியும் சுமையும் மெய்யானது. இயந்திரம் எழுதிய கதைகளின் வெள்ளத்தைத் தாங்க முடியாமல் அமெரிக்காவின் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழ் 2023 பிப்ரவரியில் படைப்பு வாங்குவதையே சில வாரம் நிறுத்தி வைத்தது.

இருந்தும் அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். அச்சு இதழ்களின் காலத்தில், போதிய தபால்தலை ஒட்டிய உறை இணைக்காத கதைகள் திருப்பி அனுப்பப்பட மாட்டா என்று போடுவார்கள். காகிதம், தபால் செலவு, கையால் எழுத ஓர் ஆள் என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. இணையத்தில் முதல் இரண்டும் போய்விட்டன. மூன்றாவதும் இரண்டு வாக்கியம் தட்டச்சு செய்யும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. காரணம் போன பிறகும் விதி மட்டும் தங்கிவிட்டது.

சம்பளமில்லை என்ற வாதம்தான் எனக்கு மிகவும் தலைகீழாகப் படுகிறது. கதை எழுதியவருக்கும் பல இதழ்களில் சன்மானம் கிடையாது. வெளியிடுவது ஒரு கொடையா என்றால், வலைப்பூவிலோ முகநூலிலோ எவரும் தன் கதையைத் தானே வெளியிட்டுக்கொள்ளலாம். அப்படியிருந்தும் ஒருவர் கதையை ஓர் இதழுக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறார் என்றால், அந்த இதழிடம் மட்டும் இருக்கும் ஒன்றுக்காகத்தான்: வாசிக்கத் தெரிந்த ஒருவரின் தீர்ப்பு. பணம் கைமாறாத இதழில் ஆசிரியர் எழுத்தாளருக்குத் தரக்கூடிய ஒரே கூலி அதுதான். அதையும் தர மாட்டேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு, தன்னார்வப் பணி என்று அதற்குப் பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு இந்த மௌனம் ஒரு சிறிய ஏமாற்றம். ஒரு கதை திரும்பினால் கூட்டத்தில் நண்பரிடம் காட்டலாம், புத்தகக் கடையில் சந்திக்கும் மூத்தவரிடம் கேட்கலாம். கேரள எல்லைக்குள் வாழும் தமிழருக்கு இந்த வசதி எவ்வளவு உண்டு? பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கத்தில் இருப்பவர் கோவைக்குப் பேருந்து ஏறிவிடலாம். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கிறது. இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களில் இருப்பவர் நிலை அப்படியில்லை. மூணாற்றுக்கு மேலே ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் இருந்துகொண்டு கதை எழுதும் பெண் இலக்கியம் பேச மலையிறங்கிப் போடிக்குத்தான் போக வேண்டும், கொழுந்து எடுக்கும் வேலைநாளில் அது நடக்காது. அவருக்கு இணைய இதழின் ஆசிரியர்தான் முதல் வாசகர், பெரும்பாலும் ஒரே வாசகர்.

அவருக்குக் கிடைக்கும் மௌனம் அவரை ஊகிக்க வைக்கிறது. கதையின் முடிவு பலவீனமா, நடுவில் இழுக்கிறதா, அந்த இதழுக்கு ஏற்கெனவே தோட்டத்துக் கதை ஒன்று வந்திருக்கிறதா என்று எதுவும் தெரியாது. எல்லைப் பகுதியில் வளர்ந்தவர் முதலில் சந்தேகப்படுவது தன் தமிழைத்தான். சுற்றிலும் மலையாளம் கேட்டு, அலுவலகத்தில் மலையாளத்தில் மனு எழுதி, ‘உங்க தமிழ் ஒரு மாதிரி இருக்கே’ என்று ஊர்ப்பக்கத்துச் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டே பழகியவர் அவர். அதனால் அடுத்த கதையில் சொற்களைக் கழுவத் தொடங்குகிறார். தொழிலுறப்பு நூறுநாள் வேலையாகிறது. வில்லேஜ் ஆபீஸ் வி.ஏ.ஓ. அலுவலகமாகிறது. குடும்பஸ்ரீ மகளிர் சுயஉதவிக் குழுவாகிறது. ஹர்த்தால் கடையடைப்பாகிறது. கதை நடக்கும் மாநிலமே மாறிப்போகிறது, அவருக்கே உரிய உலகம் கதையிலிருந்து வெளியேறிவிடுகிறது. முந்தைய கதை தேர்வாகாததற்கு மொழி காரணமாகவே இல்லாமல் இருந்திருக்கலாம். ‘மொழி நன்றாக இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் நீங்களே கதையை விளக்கிவிடுகிறீர்கள்’ என்று ஒரு வரி போயிருந்தால் அந்தச் சொற்கள் பிழைத்திருக்கும்.

மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தை 1968இல் மாத்ருபூமி வார இதழ் தொடராக வெளியிட்டது. பாலக்காட்டுத் தஸ்ராக் கிராமத்திலிருந்து எழுந்த நாவல் அது. எல்லைப்புறத்துப் பேச்சு, தமிழின் சாயல் உட்பட, அதன் உயிரோடு கலந்தது. யூமா வாசுகி அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார், சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. நாம் கொண்டாடினோம், சரியாகவே கொண்டாடினோம். அதே எல்லைப்புறத்திலிருந்து ஒருவர் தமிழில் எழுதினால் அவருக்கு இரண்டு வாக்கியம் எழுத நமக்கு நேரமில்லை.

அதே மாத்ருபூமியின் சிறுவர் பகுதியில் குட்டேட்டன் என்ற பெயரில் இருந்தவர் கவிஞர் குஞ்ஞுண்ணி. பள்ளி ஆசிரியர் வேலைக்கிடையில், எழுதத் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதித் திருத்திக்கொண்டிருந்தார். மலையாளத்தில் அவரை நினைவுகூரும் எழுத்தாளர்கள் பலர். தமிழிலும் முன்னுதாரணம் உண்டு: மும்பையில் இருந்த நாஞ்சில் நாடனின் முதல் கதை ‘விரதம்’ 1975இல் நா. பார்த்தசாரதியின் தீபத்தில் வந்தது. தொலைவில் இருப்பவரை ஓர் இதழ் ஏற்றுக்கொள்வது எத்தனை பெரிய வாழ்க்கையைத் தொடங்கிவைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அவருடைய நாஞ்சில் நாட்டு வழக்கும் கி. ராஜநாராயணனின் கரிசல் வழக்கும் இன்று தமிழின் செல்வம். பாலக்காட்டுத் தமிழுக்கும் மூணாற்றுத் தமிழுக்கும் அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

இந்த இழப்பு சிறியதில்லை. 2015இல் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவைத்துவிட்டுப் பெம்பிளை ஒருமை என்று தெருவில் உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு எழுபது பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். இவ்வளவு நடந்தும், தேயிலைத் தோட்டத்துத் தமிழர் கதை என்றால் நாம் இன்னும் ‘எரியும் பனிக்காடு’தான் சொல்கிறோம். அது தோட்டத்து மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவலின் மொழிபெயர்ப்பு. லயத்துக்குள் பிறந்தவர்கள் எழுதியது ஏன் இவ்வளவு குறைவு என்று கருத்தரங்கு வைத்துக் கேட்கிறோம். அனுப்பியவர்களுக்கு என்ன பதில் சொன்னோம் என்று இதழாசிரியர்கள் தங்கள் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும்.

நேரமில்லை என்பவர்களுக்கு வழி இருக்கிறது. ஆண்டு முழுவதும் படைப்பு வாங்க வேண்டாம்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் மட்டும் வாங்குங்கள். மாதம் ஓர் இதழ் கொண்டுவர முடியவில்லையென்றால் காலாண்டிதழாக்குங்கள். ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கு விளக்கம் வேண்டாம், முதல்முறை அனுப்புகிறவருக்கு மட்டும் எழுதுங்கள். கதையில் உங்களை நிறுத்திய இடம் எது, இந்த இதழுக்கு ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வாக்கியம் போதும். நாற்பது கதை வந்தால் எண்பது வாக்கியம். அதைவிட நீளமாக நாம் முகநூலில் சண்டை போடுகிறோம். இதற்கும் முடியாதென்றால் அந்த இதழ் தேர்வு செய்கிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, நண்பர்களின் கதைகளை மட்டும் வெளியிடலாம். அது நேர்மையான இதழாக இருக்கும்.

இதழ் நடத்துகிற நண்பர்களே, அடுத்த இதழ் ஏற்றுவதற்கு முன் விதிமுறைகளிலிருந்து அந்தக் கடைசி வரியை நீக்கிவிடுங்கள். சித்தூரிலும் தேவிகுளத்திலும் இருந்து எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: காரணம் சொல்லாமல் திரும்பிய கதையில் ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள். அப்படியே வேறு இதழுக்கு அனுப்புங்கள்.