நிலுவை இல்லாத வீடு

கவிதாலயா தயாரித்து நாகா இயக்கிய ‘ரமணி வெர்ஸஸ் ரமணி’ 1998இல் வந்தது. அஞ்செட்டியில் என் வங்கிக் கிளைச் சகாக்கள் அதை இன்றும் யூட்யூபில் பார்க்கிறார்கள்; இளையவர்கள் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் 236 பகுதிகளை மறுபடி மறுபடி. சிரிப்பு எங்கே வரும் என்று தெரிந்தே பார்க்கிறவர்களை இழுப்பது ஹாஸ்யம் மட்டுமாக இருக்க முடியாது.

பகுதி முடிகையில் ரமணிகளின் சண்டை ஓய்ந்து வீடு பழையபடி ஆகிவிடுகிறது. பேரேட்டில் நிலுவை மறுநாளுக்கும் வரும். இங்கே நிலுவையே கிடையாது. கவர்ச்சி இதுதான். இந்த ஆறுதலை நம் எழுத்தாளர்கள் இகழ்வது வெறும் மேட்டிமை. ஆனால் ஆறுதலையே கலையனுபவம் என்று கொள்வதும் தவறு. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுளே வந்து பிழைக்க வழி தெரியாமல் திரும்புகிறார். புதுமைப்பித்தனோடு சிரித்து முடித்த பிறகும் அந்த வீட்டின் நிலுவை நம் கணக்கில் நிற்கிறது.