மாவுப்பூச்சிக்குள் ஒரு குரங்கு முகம்

மும்பையின் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சாமிக்குப் பறிக்கிற செம்பருத்தியில், வெயில் ஏற ஏற வெள்ளைப் பஞ்சு படியும். தோட்டக்காரரைக் கூப்பிட்டு மருந்தடிக்கச் சொல்லும் முன் கொஞ்ச நேரம் அதன் எதிரே நில்லுங்கள். அது மாவுப்பூச்சி, 2002-ல் சாங்லி மாவட்டத்தில் கரும்பை வாட்டிய பஞ்சு அசுவினிக்குத் தூரத்துச் சொந்தம்.

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று போதும். பூச்சியைத் தேட வேண்டாம், தண்டில் ஏறும் எறும்பு வரிசையின் பின்னாலேயே போங்கள். செடிச் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதச் சத்து சொற்பம். அதனால் பூச்சி குடித்துக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய சர்க்கரை தேன்துளியாகப் பின்பக்கம் வெளிவருகிறது. எறும்பு உணர்கொம்பால் தட்டித் தட்டி அந்தத் துளியை வாயில் வாங்கிக்கொள்வதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். அந்தப் பிசுபிசுப்பில் மாவுப்பூச்சி தானே ஒட்டிக்கொள்ளாதிருக்க மெழுகுப் பூச்சு உதவுகிறது. புல்நுனியால் மெழுகை விலக்கினால் இளஞ்சிவப்பு உடல் தெரியும். கண்ணில் படுகிற பெரியவை எல்லாம் இறகில்லாத பெண்கள். ஆணுக்கு இறகு உண்டு, தின்ன வாய் கிடையாது. ஓரிரு நாள்தான் ஆயுள்.

இனிதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கூட்டத்தில் ஒன்று மட்டும் பெரிதாக, நீளமான வெள்ளை இழைகளோடு விறுவிறுவென நகர்கிறதா? அது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்பதற்கென்றே ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-ல் இந்தியாவுக்கு வந்த இனம் அது. பசுத்தோல் போர்த்திய புலியை நேரில் பார்க்க வேண்டுமானால் இதோ!

ஸ்பால்கிஸ் எபியஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு இன்னும் அதிசயம். நமக்குத் தெரிந்த வண்ணத்துப்பூச்சிப் புழுக்களெல்லாம் இலை தின்னும். இது மாவுப்பூச்சியைத் தின்று, அந்த வெள்ளை மாவையே மேலே பூசிக்கொண்டு வளர்கிறது. இலையில் ஒட்டியிருக்கும் அதன் கூட்டுப்புழு சுமார் ஐந்து மில்லிமீட்டர்தான். லென்ஸை வைத்தால் இரண்டு கண், சப்பை மூக்கு, பழுப்புக் கன்னம்: அச்சு அசல் குரங்கு முகம். குப்பைமேட்டின்மேல் எழுந்த தாராவி இயற்கைப் பூங்காவுக்குப் போனால், செடிகளின் இலையடியைப் புரட்டிப் பாருங்கள்.

மும்பையின் தூங்குமூஞ்சி மரங்கள் பல மாவுப்பூச்சியால் பட்டுப்போயிருக்கின்றன. அந்த இழப்பு சின்னதில்லை. ஆனால் கண்மூடித்தனமாக மருந்தடித்தால் பொறிவண்டும் புழுவும் சாகும், மெழுகுக்குள் ஒளிந்தது பிழைத்துக்கொள்ளும். பூந்தொட்டி என்றால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பெரும்பாலும் போதும். கழுவும் முன் அந்தக் குரங்கு முகம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஜூன் மழை பிடித்துக்கொண்டால் கூட்டத்தில் பலவற்றை அது அடித்துக்கொண்டு போய்விடும்.