105 டிகிரியில் ஒரு குரு

அறைக்குள் 105 டிகிரி ஃபாரன்ஹீட். 40 சதவிகிதம் ஈரப்பதம். அதில் 90 நிமிஷம் நின்று 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள். இதுதான் பிக்ரம் யோகா, 'ஹாட் யோகா'வின் மூலவடிவம். நமக்கு அக்னி நட்சத்திரத்தில் கரன்ட் போனால் இலவசமாகக் கிடைப்பதை, அமெரிக்காவில் ஹீட்டர் வைத்து விற்றார் கொல்கத்தாவில் பிறந்த பிக்ரம் சௌத்ரி. அவரைப் பற்றி ஈவா ஆர்னர் இயக்கி, 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ஆவணப்படத்தை நீங்கள் பார்க்க வேண்டும். 'யோகி, குரு, வேட்டையாடி' என்று தலைப்பிலேயே மூன்று பட்டங்கள் கொடுத்துவிடுகிறார்கள்.

கறுப்பு நீச்சல் ஜட்டியில் மேடையில் பிக்ரம். கீழே நூற்றுக்கணக்கில் வியர்வை சொட்டும் சீடர்கள். பல பெண்கள் பாலியல் புகார் சொல்ல, அவர் மறுத்தார். 2016-ல் அவருடைய முன்னாள் பெண் சட்ட ஆலோசகர் தொடுத்த வழக்கில், லாஸ் ஏஞ்சலீஸ் ஜூரி எழுபது லட்சம் டாலருக்கு மேல் நஷ்ட ஈடு தரச் சொன்னது. ஆசாமி நாட்டை விட்டே போய்விட்டார். 26 ஆசன வரிசைக்கு அவர் கேட்ட காப்புரிமையையும், 2015-லேயே அமெரிக்க அப்பீல் கோர்ட் 'இது ஒரு முறை, இதற்குக் காப்புரிமை கிடையாது' என்று நிராகரித்திருந்தது.

படம் ஆளைத் துல்லியமாகக் காட்டுகிறது. பயிற்சியைத்தான் கொஞ்சம் அவசரமாகக் கடந்துபோகிறது. எனக்கு சுவாரஸ்யம் அங்கேதான்.

ஹாட் யோகா செய்கிறவர்கள் 'என் உடம்பை இப்போதுதான் தெரிந்துகொண்டேன்' என்பார்கள். பொய்யில்லை. அந்தச் சூட்டில் இதயம் அடிப்பது காதில் கேட்கும். எந்த இடுப்பு இறுக்கம், எந்த முழங்கால் முரண்டு பிடிக்கிறது என்று தெரியும். ஆனால் அதே வகுப்பில் வேறொன்றையும் சொல்லித்தந்தார்கள்: கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காதே, தலை சுற்றினாலும் அறையை விட்டுப் போகாதே, வலித்தால் இன்னும் தள்ளு. அதாவது, உடம்பு பேசுவதைக் கேட்கப் பழக்கிவிட்டு, கேட்டதை அலட்சியப்படுத்தவும் பழக்குகிறார்கள். குற்றம் முழுக்கச் செய்தவனுடையதுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் கெட்ட குருவுக்கு இதைவிட வசதியான பாடத்திட்டம் கிடையாது.

சரி, சூடாவது அவசியமா? 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், இதே ஆசனங்களை 12 வாரம் ஒரு குழு சூட்டிலும் இன்னொரு குழு சாதாரண அறையிலும் செய்தது. ரத்தக்குழாய்கள் விரிவடையும் திறன் இரண்டு குழுவிலும் கூடியது. சூட்டினால் தனி லாபம் தெரியவில்லை. 'வியர்வையில் விஷமெல்லாம் வெளியேறும்' என்பதும் விளம்பரம்தான். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும். கழிவை அகற்ற கல்லீரலும் கிட்னியும் சம்பளமில்லாமல் உழைக்கின்றன. தவிர, சூட்டில் உடம்பு ரொம்ப வளைவது போலத் தோன்றும். அந்த தைரியத்தில் அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டால், மறுநாள் காலையில்தான் தெரியும்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பி.பி. உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் ஆசைப்பட்டால் போய்ப் பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நடுவில் தலை சுற்றினால் வெளியே போகலாமா?'

பதில் சொல்லத் தயங்கினால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.