ஆலைக்குத் தடை, மனைக்கு வழி
டெல்டா வேளாண் மண்டலச் சட்டம்: ஒரு மதிப்பீடு

2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் கால்நடைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும் விழா நடந்தது. காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கப்படும் என்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அந்த மேடையில்தான் அறிவித்தார். அந்த மாதமே சட்டப்பேரவையில் மசோதா நிறைவேறிச் சட்டமானது. மீத்தேன் திட்டத்துக்கு எதிராக இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசியதும், 2017இல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் மக்கள் வீதிக்கு வந்ததும் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது. மக்கள் போராடிப் பெற்ற சட்டம் என்பதாலேயே அதைக் கறாராக எடைபோட வேண்டும்.

ஒரு வேளாண் மண்டலச் சட்டம் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். விளைநிலத்தில் எது நடக்கலாம், எது கூடாது? அங்கே யார் வீடு கட்டலாம்? ஆடுமாடுகள் எங்கே நிற்கும், எங்கே மேயும்? கிராமத்தில் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. டெல்டா சட்டம் முதல் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்கிறது. மற்ற இரண்டையும் அது தொடவே இல்லை.

சட்டம் செய்ததை முதலில் சொல்ல வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுவதும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்களும் இந்த மண்டலத்துக்குள் வந்தன. மயிலாடுதுறை தனி மாவட்டமான பிறகு, 2023இல் திருத்தம் கொண்டுவந்து அதையும் பட்டியலில் சேர்த்தார்கள். துத்தநாகம், தாமிரம், அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்புத் தாது ஆலைகள், தோல் பதனிடும் தொழில், கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவை புதிதாக வர முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக எண்ணெய், எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் எரிவாயு ஆகியவற்றுக்கான புதிய துரப்பணத்துக்கும் தடை.

இந்தத் தடை ஏட்டோடு நின்றுவிடவில்லை. 2023இல் வடசேரி, சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஒன்றிய அரசின் ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாடு ஒரே குரலில் எதிர்த்தது. சில நாள்களிலேயே மூன்றும் விலக்கப்பட்டன. அந்த எதிர்ப்புக்குக் கையில் ஓர் ஆவணம் இருந்தது என்றால், அது இந்தச் சட்டம்தான். ஆனால் அதே நிகழ்வு ஓர் ஓட்டையையும் காட்டியது. மைக்கேல்பட்டி இருப்பது அரியலூர் மாவட்டத்தில். அரியலூரும் திருச்சியும் கரூரும் சட்டத்தின் எல்லைக்குள் இல்லை. காவிரித் தண்ணீர் பாயும் ஊர்களில் ஒரு பகுதிக்குச் சட்டத்தின் காவல் உண்டு, மறுபகுதிக்கு அரசியல் சூழ்நிலைதான் காவல் என்ற நிலை நியாயமானதல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகளையும் சட்டம் அப்படியே விட்டுவிட்டது.

எனினும் இவை ஓரத்துக் குறைகள். நடுவில் இருக்கும் குறை வேறு. தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் வீட்டுமனைப் பிரிவு இல்லை.

தாமிர ஆலை ஓர் ஊருக்கு வந்தால் ஊரே கூடி எதிர்க்கும். லேஅவுட் வரும்போது யாரும் கூடுவதில்லை. ஒருவர் தன் நஞ்சையை விற்கிறார், வாங்கியவர் கிராவல் கொட்டி மேடாக்குகிறார், எல்லைக் கல் நட்டுக் கொடி கட்டுகிறார். அது அவர் சொந்த விஷயம் என்று ஊர் விட்டுவிடுகிறது. ஆனால் டெல்டாவில் எந்த வயலும் தனி வயல் அல்ல. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அங்கிருந்து மடை வழியாக வயலுக்கு வயல் என்று தண்ணீர் இறங்குகிறது. மிஞ்சிய நீர் வடிகாலில் போய்ச் சேர வேண்டும். நடுவே மூன்று ஏக்கர் மேடேறினால், மேலண்டை வயலில் ஐப்பசி, கார்த்திகை மழைநீர் வடியாமல் நின்று சம்பா நாற்று அழுகும். கீழண்டை வயலுக்குப் பாசன நீர் வராது. இரண்டு பருவம் இழந்தவர் மூன்றாவது பருவம் நிலத்தைத் தரிசாகப் போடுவார். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் தரிசு என்று ஏறிய நிலத்துக்கு, இது விளையாத நிலம், மனையாக்கினால் என்ன குறை என்று வாதாடுவது எளிது. ஒரு லேஅவுட் இப்படித்தான் அடுத்த லேஅவுட்டை உண்டாக்குகிறது. ஒருவரின் விற்பனை பக்கத்து விவசாயியின் பிழைப்பையும் சேர்த்துத் தீர்மானிக்கும் இடத்தில், நில உபயோகத்தைத் தனிச் சொத்துரிமை என்று மட்டும் பார்க்க முடியாது.

இதற்கு வேறு சட்டங்கள் இருக்கின்றன என்று சிலர் சொல்வார்கள். இருக்கத்தான் செய்கின்றன. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி, திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விளைநிலத்தையும் அனுமதியின்றி வேறு உபயோகத்துக்கு மாற்றக் கூடாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் விளைநிலங்களுக்குக் கிடைத்த மிகக் கூர்மையான பாதுகாப்பு அந்தத் தடைதான். அடுத்த ஆண்டே, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. நில உபயோக மாற்றத்துக்கும் அதே ஆண்டில் தனி விதிகள் வந்தன. சேமிப்பைப் போட்டு மனை வாங்கிய எளிய குடும்பங்களைக் கைவிட முடியாது என்ற வகையில் வரன்முறையை நான் ஏற்கிறேன். ஆனால் இந்த விதிகளின் மொத்த அமைப்பும் அனுமதியை எப்படிப் பெறுவது என்பதைச் சுற்றியே இருக்கிறது. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அப்ரூவல் கிடைத்துவிட்டால் நஞ்சை மனையாவது முறையானதாகிவிடும். இந்த நிலத்தை மாற்றவே கூடாது என்று சொல்லும் இடம் அதில் எங்கும் உறுதியாக இல்லை. பாதுகாக்கப்பட்ட மண்டலம் என்ற பெயர் வந்த பிறகும் அந்த உறுதி வரவில்லை.

பக்கத்து மாநிலமான கேரளம் 2008இல் இயற்றிய நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டத்தை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1970களின் நடுவில் ஏறக்குறைய 8.8 லட்சம் ஹெக்டேராக இருந்த கேரளத்தின் நெல் பரப்பு, சட்டம் வந்த காலத்தில் 2.3 லட்சம் ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. அந்தச் சட்டம் வயலை மாற்றுவதையே தடை செய்தது. வீட்டுக்கு ஒரு விலக்கு கொடுத்தது. வேறு இடமில்லாத உரிமையாளர் தான் குடியிருக்க, ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட் வரை அனுமதி பெறலாம். அதனால் பக்கத்து வயல் பாதிக்கப்படக் கூடாது. பரிந்துரைப்பது ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், நெல் விவசாயிகளின் பிரதிநிதிகள் அடங்கிய உள்ளூர்க் குழு. தரிசாகக் கிடக்கும் வயலைப் பயிரிடச் செய்யவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

கேரளச் சட்டமும் குறையற்றதல்ல. வயல்களைப் பதிவு செய்த தரவுப் பட்டியலில் பிழைகள் மலிந்தன. 2018இன் திருத்தம், பட்டியலில் இல்லாத நிலங்களைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வாசல் திறந்துவிட்டது. எல்லாம் சுருங்கிய பிறகு வந்த சட்டம் என்பதும் உண்மை. ஆனாலும் தானே குடியிருக்கக் கட்டும் வீடு வேறு, விற்பதற்காகப் போடும் மனை வேறு என்று அது தெளிவாகப் பிரித்தது. டெல்டா சட்டத்தில் இல்லாதது அந்தப் பிரிவினைதான்.

எதிர்வாதங்களில் இரண்டை நான் மதிக்கிறேன். முதலாவது, சிறு விவசாயிக்கு நிலம்தான் வைப்புநிதி. மகள் கல்யாணம், மருத்துவமனைச் செலவு, பிள்ளையின் படிப்பு எல்லாவற்றுக்கும் கடைசிக் கை அதுதான். மனை விலைக்கு விற்காதே என்று தடுத்துவிட்டு, நெல்லுக்குக் கட்டுபடியாகும் விலை தராமல் இருந்தால், நாட்டின் உணவுப் பாதுகாப்புச் செலவை அவர் ஒருவர் தலையில் கட்டுவதாகும். இது நியாயமான வாதம். ஆனால் இதிலிருந்து வரவேண்டிய முடிவு தடை வேண்டாம் என்பதல்ல. தடையோடு ஈடும் வேண்டும் என்பதுதான். மண்டலத்துக்குள் நஞ்சையைத் தொடர்ந்து பயிரிடுவோருக்கு ஏக்கருக்கு ஆண்டுத் தொகை ஒன்றைச் சட்டத்திலேயே எழுதலாம்.

இரண்டாவது வாதம் இன்னும் கனமானது. டெல்டாவின் நத்தம் நிலங்கள் நிரம்பிவிட்டன. நிலமற்ற விவசாயக் கூலிகள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், ஒரே கூரையின் கீழ் இரண்டு மூன்று குடும்பங்களாக நெருக்கி வாழ்கிறார்கள். வயலைத் தொடாதே என்றால் அவர்கள் எங்கே வீடு கட்டுவார்கள்? தமிழ்நாட்டுக்கு இதில் நல்ல முன்மாதிரி உண்டு. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், மிராசுதார் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. வேலை செய்யும் மண்ணருகே குடியிருக்கும் உரிமையை நெல்வயலின் பெயரால் மறுக்க முடியாது. ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில் நத்தத்தை விரிவாக்குவதை அரசே செய்ய வேண்டும். ஆனால் லேஅவுட் இந்த வீட்டுத் தேவையைத் தீர்க்கவில்லை. அங்கே மனை வாங்கும் வசதி அந்தக் கூலிக் குடும்பங்களுக்கு இல்லை. முதலீடாக வாங்கியவரின் மனையில் கருவேலம்தான் முளைக்கிறது.

மூன்றாவது கேள்வி கால்நடை. பழைய நில ஆவணங்களில் நஞ்சை, புஞ்சை, நத்தம் ஆகியவற்றோடு மேய்க்கால் புறம்போக்கும் மந்தைவெளியும் தனி வகைகளாக இருக்கின்றன. மாடு நிற்கவும் மேயவும் இடம் வேண்டும் என்பதை அந்த ஆவணங்கள் உணர்ந்திருந்தன. புதிய சட்டத்தின் தடைப் பட்டியலில் விலங்கு வருவது எலும்பு, கொம்பு, தோல் தொழில்களில் மட்டும்தான். உயிரோடிருக்கும் மாட்டுக்கு அதில் ஒரு வரி இல்லை. மேய்ச்சல் நிலம் அரசுக் கட்டடத்துக்கும் ஆக்கிரமிப்புக்கும் போகிறது. ஊர்ப் பொதுநிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றும்படி 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டும் போக்கு மாறவில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டு மந்தைகளோடு டெல்டாவுக்கு வந்து கிடை போடுவார்கள். தாளடியில் ஆடு மேயும், வயலுக்கு எரு கிடைக்கும். வேலி போட்ட மனைகள் பெருகப் பெருக அந்த வழித்தடம் அறுந்துபோகிறது. ஊராட்சி நகரத்தோடு இணைந்துவிட்டால், பரம்பரையாக இருந்த மாட்டுக் கொட்டகை 1997ஆம் ஆண்டு நகர்ப்புறக் கால்நடைச் சட்டத்தின் உரிம விதிகளுக்குள் போய்விடுகிறது. மாடும் கிடையும் போனால் எரு போகும். எரு போனால் உரச் செலவு ஏறும். செலவு ஏறினால் நிலம் விற்பனைக்கு வரும். கால்நடையை விட்டுவிட்டு வயலை மட்டும் காக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. டெல்டா சட்டம் தேவையான சட்டம். அதைத் தளர்த்தும் எந்த முயற்சியையும் எதிர்க்க வேண்டும். ஆனால் அது தொழிற்சாலைகளுக்கும் துரப்பணத்துக்கும் எதிரான சட்டமே தவிர, விளைநிலத்துக்கான மண்டலச் சட்டமாக இன்னும் ஆகவில்லை. அப்படி ஆக நான்கு திருத்தங்கள் போதும். மண்டலத்துக்குள் நஞ்சையில் விற்பனை மனைப்பிரிவுக்கு முழுத் தடை. சொந்தக் குடியிருப்புக்கு அளவு வரையறுத்த அனுமதி, அதைப் பரிந்துரைக்க அந்த வாய்க்காலின் பாசன விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் இடம்பெறும் ஊர்க் குழு. மேய்க்கால், மந்தைவெளி, வடிகால் புறம்போக்குகளை வகைமாற்றம் செய்ய முடியாத நிலமாக அறிவித்தல். பயிரிடுவோருக்கு ஆண்டு ஈட்டுத்தொகை. நான்கில் முதலாவது செலவே இல்லாதது. அதை அடுத்த கூட்டத்தொடரிலேயே செய்யலாம். அதைச் செய்யாமல் டெல்டாவைக் காத்துவிட்டோம் என்று எந்தக் கட்சி சொன்னாலும், அந்த உரிமை கோரலை நாம் ஏற்கக் கூடாது.